பார்ட்டி வரும் முன்னே: மலைவீடு விற்பவர்களின் கேள்விகள்

விற்பனைக்கு வரும் வீட்டை, வாங்குபவர் கண்ணில் படுவதற்கு முன்னால் ஒழுங்கு செய்து கொடுப்பது என் தொழில். இருப்பது குன்னூர். கோத்தகிரி, கேத்தி, ஊட்டி என்று கூப்பிட்ட இடத்துக்குப் போவேன். தரகு வாங்குவதில்லை, செய்த வேலைக்குக் கூலி மட்டும்தான். அதனால் 'என் வீடு எவ்வளவுக்குப் போகும்?' என்று கேட்டிருந்தவர்கள் மன்னிக்கவும். அந்தக் கணக்கைத் தரகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மீதிக் கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: அருவங்காடு கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்த என் அப்பா, ஓய்வுபெற்ற பின் குன்னூர்ப் பக்கம் வாங்கிய பழைய ஓட்டு வீடு. கணப்பு (குளிர் காயச் சுவரோடு கட்டிய அடுப்பு) உண்டு. தார் ரோட்டிலிருந்து படி இறங்கித்தான் போக வேண்டும். அப்பாவின் மர நாற்காலிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. நானும் மனைவியும் மகளோடு கோவைக்கு வந்துவிட்டோம். வீடு ஒரு வருஷமாகப் பூட்டியே கிடக்கிறது. மூன்று பார்ட்டிகள் வந்து பார்த்தார்கள். 'நல்ல வீடு சார், யோசித்துச் சொல்கிறோம்' என்று போனவர்கள் போனவர்கள்தான். உள்ளே முழுக்கப் பெயின்ட் அடித்து, வாடகைக்கு சோபா, கட்டில் கொண்டுவந்து போட்டுவிடலாம் என்கிறார் தரகர். செய்யலாமா?
– வாசகர், கோவை

பதில்: பெயின்டர் வரட்டும் ஐயா, ஆனால் கடைசியில் வரட்டும்.

ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த மலைவீட்டின் கதவைத் திறந்ததும் முதலில் வருவது வாடை. ஈரச் சாக்கு, பழைய கம்பளி, பாச்சை உருண்டை மூன்றும் கலந்த வாடை. அந்த வீட்டிலேயே இருந்து பழகிய உங்களுக்கு அது தெரியாது. கோவை வெயிலிலிருந்து ஏறி வருபவருக்கு வாசற்படியிலேயே தெரிந்துவிடும். அப்புறம் அவர் அறை அறையாகப் பார்ப்பதெல்லாம் மரியாதைக்குத்தான். மூன்று பார்ட்டிகளும் திரும்பி வராததற்கு என் ஊகம் இது. ரூம் ஸ்பிரே, ஊதுபத்தி எதுவும் வேண்டாம். மல்லிகை வாசம் மூக்கைத் துளைக்கிற வீட்டில் விவரமான ஆள் நேராகப் போய் பீரோவுக்குப் பின்னால்தான் எட்டிப் பார்ப்பார்.

நீங்களும் வீட்டம்மாவும் ஒரு வாரமாவது போய் அங்கே தங்குங்கள். சமைத்துச் சாப்பிட்டு, குளித்து, தூங்கி எழுங்கள். ஆள் புழங்காத வீட்டை வேறு எதை வைத்தும் காயவைக்க முடியாது. ஆனால் முதல் வேலை வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. நம் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் சரிவை வெட்டித் தட்டாக்கி, அதில் கட்டியவை. பின்சுவருக்கும் வெட்டிய மண்ணுக்கும் நடுவே ஒரு சந்தும், அதில் ஒரு வாய்க்காலும் இருக்கும். ஒரு வருஷத்துச் சருகும் மேலேயிருந்து சரிந்த மண்ணும் சேர்ந்து அந்த வாய்க்கால் தூர்ந்துபோயிருக்கும். போக வழியில்லாத தண்ணீர் சுவரில் ஊறும். கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர் அதைக் கீழிருந்து மெல்ல மேலே இழுக்கும். பின்பக்கத்துப் படுக்கையறையில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்துக் காரை உதிர்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்தால், உள்ளே எத்தனை கோட் அடித்தாலும் வீண். ஒரு ஆளை விட்டு வாய்க்காலைத் தோண்டிவிட்டு, கூரையோரத் தூம்பில் அடைத்திருக்கும் இலையை அள்ளி, விலகிய ஓட்டைத் திருப்பி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

எல்லா ஓதமும் வெளியிலிருந்து வருவதில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. ஈரமாகத் தெரிகிற சுவரில் ஒரு முழம் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டுங்கள். (பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ள மாவட்டம்தான், இருந்தாலும் பழைய நோட்டுக்கு அட்டை போட்ட பிளாஸ்டிக் தாள் ஒன்று கிடைக்காமல் போகாது.) ஓரிரு நாள் கழித்து, தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் முத்து முத்தாக நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நனைந்திருந்தால் அது நம் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் பட்டு நீரானது. அதற்கு மருந்து காற்றும் சூடும்தான். வெயில் ஏறியபின் ஜன்னல்களைத் திறந்து, மூட்டம் இறங்குவதற்கு முன்னால் சாத்திவிடுங்கள். துணியை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள். பீரோ, கட்டில், அலமாரி எல்லாவற்றையும் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளுங்கள். பின்னால் கறுப்பாகப் படிந்திருக்கும் பூஞ்சையை மூக்கில் துணி கட்டிக்கொண்டு சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். துடைப்பத்தால் தட்டவே கூடாது, அறை முழுக்கப் பறந்து வேறு இடத்தில் முளைக்கும்.

கணப்பு இருக்கிற வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். புகைபோக்கியில் பறவை கூடு கட்டியிருக்கும், ஆள் ஏற்றிச் சுத்தம் செய்த பிறகே மூட்டுங்கள். நன்றாகக் காய்ந்த சீகை (வாட்டில் மரம்) விறகு போட்டுத் தினமும் சாயங்காலம் எரியவிட்டால் ஒரு வாரத்தில் வீட்டின் குளிர் முறியும். கணப்பு இல்லாத அறைக்கு இரும்புச் சட்டியில் கரி போட்டு வைத்துக் கதவைச் சாத்துகிற பழக்கம் மட்டும் வேண்டாம். இந்த மலைகளில் அப்படித் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு.

சுவர் காய்ந்ததா, இப்போது பெயின்ட். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே போதும், விலையும் குறைவு. பளபளவென்று பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல், ஒரே மழைக்காலத்தில் அப்பளமாகப் பொரிந்து எழும்பும். அட்வான்ஸுக்கும் பத்திரப்பதிவுக்கும் நடுவே ஒரு மழை வந்துவிட்டால், அந்தப் பொரிந்த சுவரைக் காட்டியே விலையைக் குறைப்பார்கள். மறைத்து விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை என்பது ஒருபுறம், அது கட்டுப்படியாகாது என்பது இன்னொரு புறம். பின்சுவரில் பழைய கறை இருந்தால் இருக்கட்டும். 'வாய்க்கால் அடைத்திருந்தது, தோண்டிவிட்டோம், இந்த மழையில் வரவில்லை' என்று கையைக் காட்டிச் சொன்னால், சொல்கிறவர் மேல் நம்பிக்கை வரும்.

வாடகை சோபா வேண்டாம். தார் ரோட்டிலிருந்து படி இறங்கிப் போகிற வீட்டுக்கு சோபா தூக்கும் கூலியே வாடகைக்குச் சமமாகிவிடும். அப்பாவின் மர நாற்காலிகள் இருக்கின்றனவே. பாதியைக் கழித்துவிட்டு, மீதியை வெயில் விழுகிற இடத்தில் போடுங்கள். எந்த அறையில் எத்தனை மணிக்கு வெயில் வருகிறது என்று தங்கியிருக்கிற வாரத்தில் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்த நேரத்துக்குப் பார்ட்டியை வரச் சொல்லுங்கள். குன்னூர்ப் பக்கம் பெரும்பாலும் முற்பகல்தான் நல்லது, மத்தியானத்துக்கு மேல் மூட்டத்தை நம்ப முடியாது.

அந்தப் படிகள்! பாசியைக் கம்பித் தூரிகையால் சுரண்டி, ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி போட்டுவிடுங்கள். மலையில் வீடு வாங்க வருபவர்களில் ஓய்வுபெற்றவர்கள் நிறைய. கூட வருகிற அம்மா ஒரு தடவை வழுக்கினால் வியாபாரம் அத்தோடு போச்சு. 'வண்டி வாசல் வரை வருமா?' என்று போனில் கேட்டால், 'வராது, இத்தனை படி இறங்க வேண்டும்' என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வரவேற்பறை ஜன்னலுக்கு எதிரே எங்கள் நிலத்திலேயே இரண்டு பெரிய சில்வர் ஓக் மரங்கள். வெட்டினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும், விலையும் ஏறும் என்கிறார்கள். பட்டா நிலம்தான். வெட்டிவிடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: கோடாரியைக் கீழே வையுங்கள் அம்மா. நம் மலைகளுக்கு 1955-லிருந்து மரப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும், மாவட்டக் குழுவின் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. விற்கிற நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு புகார் எழுதிப் போட்டால் வீட்டுப் பத்திரத்தோடு வழக்கையும் சேர்த்து விற்க வேண்டிவரும். கிளை கழிப்பதானாலும் வனத்துறையில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கேத்தி, ஊட்டி பக்கமெல்லாம் மண் சரிந்து எத்தனை உயிர் போனது என்பது உள்ளூர்க்காரர் யாருக்கும் மறக்காது. இப்போது வெளியூரிலிருந்து வருபவர்களும் விவரமாகவே கேட்கிறார்கள்: 'அந்த வருஷம் இந்தச் சரிவு என்ன ஆச்சு?' வீட்டுக்குக் கீழே வேர் பிடித்து நிற்கிற மரத்தைக் காட்டிப் பதில் சொல்வது நல்லதா, புதிதாக வெட்டிய இரண்டு அடிமரத்தைக் காட்டிச் சொல்வது நல்லதா?

காட்சி வேண்டுமென்றால் ஜன்னல் கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள், தடித்த திரையைக் கழற்றிவிட்டு மெல்லியதைப் போடுங்கள். பள்ளத்தாக்கு எந்த மூலையிலிருந்து மரங்களுக்கு நடுவே தெரிகிறதோ அங்கே இரண்டு நாற்காலியும் ஒரு சின்ன மேஜையும் வையுங்கள். வருகிறவர் தானாக அங்கே போய் உட்காருவார்.

கேள்வி: வீட்டைக் காட்ட எந்த மாதம் நல்லது? சீசனில் காட்டினால் கூட்டம் வரும் என்று மகன் சொல்கிறான்.
– வாசகர், வெலிங்டன்

பதில்: கூட்டம் வரும், வாங்குகிறவர் வருவது வேறு விஷயம். ஏப்ரல், மே மாதங்களில் மலர்க் கண்காட்சி, பழக் கண்காட்சி என்று வருகிறவர்கள் 'சும்மா ஒரு வீடு பார்ப்போம்' என்று நுழைவார்கள். பர்லியாறு வழியாக ஏறுவதும் கோத்தகிரி வழியாக இறங்குவதுமாக ரோட்டைப் பிரித்துவிட்டால் பதினோரு மணிக்கு வரச் சொன்ன பார்ட்டி மூன்று மணிக்கு வந்து, பசியில் சிடுசிடுப்பார். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்தது. நேரம் சொல்லும்போதே பாஸ் விவரத்தையும் விசாரித்துக்கொண்டு வரச் சொல்லிவிடுங்கள். இதற்கெல்லாம் மேலே, கோடையில்தான் குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும். வீடு பார்க்கும்போது தண்ணி லாரி வாசலில் நின்றால் என்ன பதில் சொல்வீர்கள்?

எனக்குப் பிடித்தது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. குன்னூர், கோத்தகிரியில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சுவரெல்லாம் காய்ந்திருக்கும், வானம் வெளுத்திருக்கும். ஊட்டி, தலைகுந்தா பக்கமென்றால் ஜனவரியில் விடியற்காலை உறைபனி, ஆகவே பத்து மணிக்கு மேல்தான். மேற்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற ஜூன், ஜூலையில் நானாக எந்த வீட்டையும் காட்டச் சொல்லமாட்டேன்.

ஆனால் வெலிங்டன்காரரே, நவம்பர் மழையிலும் உங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தால், நவம்பரிலேயே காட்டுங்கள். கொட்டுகிற மழையில் குடையை மடக்கிவிட்டு உள்ளே வருபவர் கால் உலர்ந்த தரையில் பட்டால், அதற்கு மேல் நீங்கள் எதையும் விளக்க வேண்டாம்.

கேள்வி: விற்கப்போகிற வீட்டிலிருந்து சாமி படம், குடும்பப் போட்டோ எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று இன்டர்நெட்டில் பார்த்ததாக என் மருமகள் சொல்கிறாள். மாமியார் இன்னும் இந்த வீட்டில்தான் இருக்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?
– வாசகி, கேத்தி

பதில்: மாமியாரிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அந்த யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. 1970-களில் வாஷிங்டன் மாநிலத்தில் வீட்டு விற்பனை முகவராக இருந்த பார்ப் ஷ்வார்ஸ் என்ற பெண்மணி, தன் நாடக மேடை அனுபவத்தை வைத்து இதை ஒரு தொழிலாகவே வளர்த்தார். பார்க்க வருபவர் அங்கே தன் குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும், அதற்கு விற்பவரின் அடையாளங்கள் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. அதில் பாதி நமக்கும் பொருந்தும். சுவர் முழுக்க மாட்டியிருக்கும் கல்யாணப் போட்டோ, பட்டமளிப்புப் போட்டோ, கட்சித் தலைவர் படம் போட்ட காலண்டர் இவற்றைக் கழற்றி ஒரு பெட்டியில் வைத்துவிடலாம். எப்படியும் மூட்டை கட்டத்தானே போகிறீர்கள்.

பூஜை அறை அப்படி இல்லை. நம் ஊரில் வருகிற பார்ட்டிகளில் நிறைய பேர் முதலில் கேட்பதே 'பூஜை ரூம் எங்கே, எந்தத் திசை?' என்றுதான். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, காய்ந்த பூவை எடுத்து, விளக்கை ஏற்றி வையுங்கள். வேறு மதத்தவர் வந்தாலும் அது ஒரு சின்ன அறை, அலமாரி வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்கே தெரியும். பாட்டி தன் இடத்தில் உட்கார்ந்திருக்கட்டும். ஒரே ஒரு முன்னேற்பாடு: 'எத்தனைக்குக் கொடுப்பீங்க?' என்று யாராவது கேட்டால் பாட்டி பதில் சொல்லாமல் இருக்க வேண்டும்!

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் காட்டெருமை மேயும். போன மாதம் கரடியும் வந்தது. வாங்க வருகிறவரிடம் சொல்ல வேண்டுமா?
– வாசகர், கட்டபெட்டு

பதில்: சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் டீக்கடையில் சொல்லுவார்கள், அதுவும் ஒரு கரடியை மூன்றாக்கி. சொல்லும்போதே என்ன செய்திருக்கிறீர்கள் என்பதையும் காட்டுங்கள்: குப்பைத் தொட்டிக்கு மூடி, பின்கதவுக்கு விளக்கு, சமையல் எண்ணெய் டின்னை வெளியே வைக்காத பழக்கம். கரடி எண்ணெய் வாசனைக்கு வரும், பழுத்த பேரிக்காய்க்கும் வரும். மரத்தில் பழம் இருந்தால் பறித்து வந்தவர்களுக்கே ஒரு பை கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் எங்கள் வீட்டை விளம்பரத்துக்குப் படம் எடுத்த பையன், ஹாலை இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டி, வானத்தையும் நீலமாக்கிக் கொடுத்தான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. போடலாமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: அந்தப் படத்தை நம்பி மதுரையிலிருந்து மலையேறி வருகிறவர், ஹாலில் கால் வைத்ததும் 'போட்டோவில் பெரிதாக இருந்ததே' என்பார். அதிலிருந்து ஒவ்வொரு அறையிலும் குறைதான் தேடுவார். கண் பார்க்கிற அளவுக்கே எடுக்கச் சொல்லுங்கள். அறை மூலையில் நின்று, இடுப்பு உயரத்தில் கேமராவைப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தால் சின்ன அறையும் சிரமமில்லாமல் தெரியும். பகலிலும் எல்லா பல்பையும் போட்டுவிடுங்கள், மலைவீட்டில் இருட்டு மூலைகள் அதிகம். எரியாத பல்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

மூட்டம் போட்ட ஒரு படமும் சேர்த்துப் போடுங்கள். கொடைக்கானலில் வீடு தேடுகிறவர் அதற்காகவும்தான் வருகிறார். அப்புறம், படம் எடுக்கிற அன்றே வில்லங்கச் சான்று, பட்டா, வீட்டு வரி ரசீது, அனுமதி பெற்ற கட்டட வரைபடம் எல்லாவற்றின் நகலையும் ஒரு ஃபைலில் போட்டுச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிடுங்கள். மலையில் அனுமதி இல்லாமல் கட்டிய கட்டடங்களுக்கு சீல் வைக்கிற செய்தியைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். வரைபடத்தில் இல்லாத அறை எதையாவது நீங்கள் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தால், அதைத் திரை போட்டு மறைக்க வழி கேட்டு எனக்கு அடுத்த கடிதம் எழுத வேண்டாம். முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.